மருந்துச் சீட்டில் ஒரு சொல்: ‘ரின்ஸ்’



சில மாதங்களுக்கு முன்னர், ஆஸ்துமாவுக்காக எங்களிடம் மருத்துவம் பெற்றுவரும் முதியவர் ஒருவர், கடும் மூச்சுத்திணறலுடன் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு அழைத்துவரப்பட்டார். கேப்சூலைப் பொருத்தி உறிஞ்சும் வகை இன்ஹேலர் அவருக்குத் தரப்பட்டிருந்தது. அதன் உறைமீது ‘ரின்ஸ் மவுத் ஆஃப்டர் யூஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தோம். அதைப் படித்த அவருடைய மகன், ‘மவுத்’ என்பது இன்ஹேலரின் வாய்ப்பகுதியைக் குறிக்கிறது என எண்ணினார். நாள்தோறும் இருவேளையும் அப்பகுதியைக் குழாயடியில் பொறுப்பாகக் கழுவி, ஈரம் உலர்வதற்கு முன்பே தந்தையிடம் கொடுத்துவந்தார்.

விளைவு இரண்டு வகையில் வந்தது. ஈரத்தில் மருந்துத் தூள் கட்டிபட்டுக் கருவியிலேயே ஒட்டிக்கொண்டதால், நுரையீரலுக்குச் சேரவேண்டிய அளவு சேரவில்லை. கொப்பளிக்கப்படாத வாயிலோ வெண்படலம் படர்ந்தது. மருந்துதான் வாயைப் புண்ணாக்குகிறது என்று கருதிய முதியவர், ஒருநாள் மருந்தையே நிறுத்திவிட்டார். அதன் முடிவுதான் அந்த நள்ளிரவுப் பயணம்.

முதியவர் நலம்பெற்று வீடு திரும்பினார். புறப்படும்போது மகன் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். உண்மையில் மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் நாங்களே. ஒரு சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு, அது சென்றுசேர்ந்ததா என்று கேளாமல் விட்டது எங்கள் பிழை. அப்பிழைக்குக் கைம்மாறாகவே இவ்விதழின் பாடத்தை அந்த ஒரு சொல்லுக்கு ஒதுக்குகிறோம்.

1. சொல்லின் பொருள்

‘ரின்ஸ்’ என்னும் ஆங்கில வினைச்சொல், ஒரு பொருளின்மீது ஒட்டியிருக்கும் சோப்பு, தூள், மருந்து, உணவுத் துணுக்கு முதலியவற்றை நீரால் அல்லது வேறொரு நீர்மத்தால் நீக்குதலைக் குறிக்கும். இதில் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ளவேண்டும். முதலாவது, இங்கே வேலை செய்வது நீரின் ஓட்டமும் அசைவுமே. அழுத்தித் தேய்ப்பது அன்று. இரண்டாவது, இதில் சோப்புக்குப் பெரும்பாலும் இடமில்லை. சோப்பு போட்ட பின்னர் அதை நீக்குவதற்குச் செய்யும் செயலே ‘ரின்ஸ்’.

இச்சொல் உங்களுக்குப் புதியதன்று. வீட்டிலுள்ள துணி துவைக்கும் இயந்திரத்தில் ‘வாஷ்’, ‘ரின்ஸ்’, ‘ஸ்பின்’ என்று மூன்று சொற்கள் வரிசையாக இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். துவைத்தல், அலசுதல், பிழிதல் என்பவையே அவை. சோப்பு நுரையில் துணி புரள்வது ‘வாஷ்’. புதுநீர் வந்து நுரையை வெளியேற்றுவது ‘ரின்ஸ்’. இந்த ஓர் எடுத்துக்காட்டை நினைவில் வைத்தால் இச்சொல்லின் அடிப்படைப் பொருள் மறக்காது.

ஆயினும் தமிழில் இதற்கு ஒரே சொல் போதாது. துணியை அலசுகிறோம், அரிசியைக் களைகிறோம், பாத்திரத்தை அலம்புகிறோம், வாயைக் கொப்பளிக்கிறோம், கண்ணில் நீர்விட்டுக் கழுவுகிறோம். செய்யப்படும் பொருள் எதுவோ அதற்கேற்பத் தமிழ் வினை மாறுகிறது. ஆங்கிலத்திலோ இவ்வைந்து இடத்திலும் ‘ரின்ஸ்’ என்னும் ஒரே வினை வரலாம். ஆகவே இச்சொல்லைக் கண்டவுடன் அதற்கு அடுத்து நிற்கும் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். எதை என்று தெரிந்தால்தான் எப்படி என்பது விளங்கும். முதியவரின் வீட்டில் வழுக்கிய இடம் இதுவே.

2. சொல்லின் வடிவங்களும் வாக்கிய அமைப்பும்

‘ரின்ஸ்’ என்பது நிகழ்கால வடிவம்; ‘ரின்ஸ்டு’ என்பது இறந்தகால வடிவம்; ‘ரின்ஸிங்’ என்பது அச்செயல் நடந்துகொண்டிருப்பதையோ, அச்செயலின் பெயரையோ குறிக்கும். இது முறையாக மாறும் வினை ஆதலால் கற்பது எளிது.

இதே சொல் பெயர்ச்சொல்லாகவும் வழங்கும். இங்கே கவனம் தேவை. ‘ரின்ஸ் மவுத்’ என்றால் வாயைக் கொப்பளியுங்கள் என்னும் கட்டளை. ‘மவுத் ரின்ஸ்’ என்றால் வாய் கொப்பளிப்பதற்குரிய மருந்து நீர். அதாவது புட்டியில் வரும் பொருள். இரு சொற்களும் இடம் மாறினால் செயல் பொருளாகிவிடுகிறது. மருந்துச் சீட்டில் ‘மவுத் ரின்ஸ்’ என்றிருந்தால் மருந்தகத்தில் வாங்கவேண்டிய ஒன்று உள்ளது என்று கொள்ளுங்கள்.

ஆங்கிலக் கட்டளை வாக்கியத்தில் வினைச்சொல் முதலில் நிற்கும். ‘நீங்கள்’ என்னும் சொல் வெளிப்படையாக வராது. எதிர்மறையும் வினைக்கு முன்னரே வந்துவிடும்: ‘டூ நாட் ரின்ஸ்’. தமிழிலோ எதிர்மறை இறுதியில் வரும்: ‘கொப்பளிக்க வேண்டாம்’. தமிழ் படித்துப் பழகிய கண், வாக்கியத்தின் முடிவில்தான் ‘வேண்டாம்’ என்பதை எதிர்பார்க்கும். சிறிய எழுத்தில் அச்சிட்ட தாளில் முன்னால் நிற்கும் ‘டூ நாட்’ தப்பிவிடக்கூடும். எனவே, ஆங்கில அறிவுரையைப் படிக்கும்போது வினைக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இயன்றால் ‘டூ நாட்’ என்பதைச் சுற்றிப் பேனாவால் வட்டமிடுங்கள்.

3. துணைச் சொற்கள்

‘ரின்ஸ்’ தனித்து வருவது அரிது. அதன் அருகில் வரும் சிறு சொற்களே செயலின் முறையை உணர்த்துகின்றன.

‘வித்’ என்பது எதனால் என்பதைச் சொல்லும். ‘ரின்ஸ் வித் வாட்டர்’ என்றால் நீரால். ‘ரின்ஸ் வித் சேலைன்’ என்றால் உப்புக்கரைசலால்.

‘ஃபார்’ என்பது எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லும். ‘ஃபார் 30 செகண்ட்ஸ்’ என்றால் 30 விநாடி. ஒருமுறை நீர் பட்டதும் நிறுத்திவிடக்கூடாது.

‘ஆஃப்டர்’ என்றால் பின்னர். ‘பிஃபோர்’ என்றால் முன்னர். இவ்விரண்டும் மாறினால் மருந்தே கழுவப்பட்டுப் போய்விடலாம்.

‘ஆஃப்’ என்றால் மேற்பரப்பிலிருந்து நீக்குதல். ‘அவுட்’ என்றால் உட்புறத்திலிருந்து நீக்குதல். தோலில் பூசியதை ‘ரின்ஸ் ஆஃப்’ செய்கிறோம். புட்டியின் உள்ளே இருப்பதை ‘ரின்ஸ் அவுட்’ செய்கிறோம்.

‘அண்ட் ஸ்பிட்’ என்றால் துப்பிவிடவும். இச்சொல் இருந்தால் அந்த நீரை விழுங்கக்கூடாது.

‘தரோலி’ என்றால் எச்சம் ஏதுமின்றி முழுமையாக. ‘ஜென்ட்லி’ என்றால் மென்மையாக.

எதை, எதனால், எப்போது, எவ்வளவு நேரம், பின்பு என்ன என்னும் ஐந்து கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் அறிவுரை முழுமையாகப் புரிந்தது என்று பொருள். ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில் செவிலியரிடம் கேளுங்கள்.

4. உறவுச் சொற்கள்

தூய்மை செய்தலைக் குறிக்கும் பிற வினைகளோடு ‘ரின்ஸ்’ என்பதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

‘வாஷ்’ என்பது கழுவுதல். மருத்துவ அறிவுரைகளில் பெரும்பாலும் சோப்பு உண்டு. இவ்வேறுபாடு உயிர்காக்கும் இடம் ஒன்று உண்டு. நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. அங்கே சொல் ‘வாஷ்’. வெறும் நீர் ஊற்றி அலசினால் போதாது. அதன் பின்னர் தாமதமின்றித் தடுப்பூசிக்கு வரவேண்டும்.

‘வைப்’ என்பது துடைத்தல். ‘ஸ்க்ரப்’ என்பது அழுத்தித் தேய்த்தல். மருத்துவர் சொல்லாமல் காயத்தில் இதைச் செய்யக்கூடாது. ‘ஃப்ளஷ்’ என்பது குழாய்க்குள் நீரைச் செலுத்தி அடைப்பின்றி வைத்தல். மூக்குவழி உணவுக்குழாய் பொருத்தப்பட்டவர்களின் வீட்டார் இச்சொல்லை அறிந்திருப்பர். ‘கார்கிள்’ என்பது தலையைச் சற்றே பின்னால் சாய்த்துத் தொண்டையில் நீரை நிறுத்திக் கொப்பளித்தல்; ‘ரின்ஸ்’ என்றால் வாய்க்குள், கன்னங்களுக்கும் பற்களுக்கும் இடையே நீரை அலைத்தல்.

‘டிஸ்இன்ஃபெக்ட்’ என்பது நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவற்றை அழித்தல். ‘ஸ்டெரிலைஸ்’ என்பது நுண்ணுயிர் எதுவும் எஞ்சாதபடி செய்தல். ‘ரின்ஸ்’ இவ்விரண்டுக்கும் ஈடாகாது. அது கிருமியைக் கொல்வதில்லை, ஒட்டியிருப்பதை அகற்றுகிறது. அவ்வளவே.

5. மருத்துவத்தில் இச்சொல் வரும் இடங்கள்

*இன்ஹேலருக்குப் பின்:* புடெசொனைடு, ஃப்ளூட்டிகசோன், பெக்ளோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து அடங்கிய இன்ஹேலரை உறிஞ்சும்போது, மருந்தில் ஒரு பகுதி வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது. அது அங்கேயே தங்கினால் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து வெண்படலமாகத் தோன்றலாம், குரலும் கம்மலாம். எனவே ஒவ்வொரு முறையும் உறிஞ்சிய பின்னர் நீரால் வாயைக் கொப்பளித்துத் துப்பவேண்டும். விழுங்கலாகாது. முகமூடி வைத்து நெபுலைசர் வழியாக இம்மருந்தைப் பெறும் குழந்தைகளுக்கு முகத்தையும் கழுவிவிடவேண்டும். இன்ஹேலர் கருவியைத் தூய்மை செய்வது முற்றிலும் வேறு செயல். அதற்குரிய முறை கருவியோடு வரும் தாளில் இருக்கும். கேப்சூல் வகைக் கருவியைக் கழுவினால், முழுவதும் உலர்ந்த பின்னரே மீண்டும் பயன்படுத்தவேண்டும். வெண்படலம் தோன்றினால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், எங்களிடம் காட்டுங்கள். அது எளிதில் குணப்படுத்தக்கூடியதே.

*வாய்மருந்து நீர்:* குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்து நீரை, சொல்லப்பட்ட அளவு எடுத்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் வாயில் அலைத்துத் துப்பவேண்டும். உடனே வெறும் நீரால் கொப்பளித்தால் மருந்து கழிந்துபோகும். பற்பசையில் உள்ள சில பொருள்கள் இம்மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். ஆதலால் பல் துலக்கியதற்கும் இதற்கும் இடையே அரைமணி நேரமாவது விடுங்கள்.

*புற்றுநோய் மருத்துவம் பெறுவோர்:* வாய்ப்புண் வரக்கூடிய நாள்களில், உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரால் நாளில் பலமுறை மென்மையாகக் கொப்பளிக்குமாறு கூறுவதுண்டு. கலவையின் அளவைச் செவிலியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் கலந்த வாய்மருந்து நீர் எரிச்சலைக் கூட்டும், தவிர்க்கவும்.

*கண்:* வெற்றிலைச் சுண்ணாம்போ, கழிப்பறை தூய்மை செய்யும் நீர்மமோ கண்ணில் பட்டால், மருத்துவமனைக்குப் புறப்படுவதற்கு முன்பே நீர்விட்டுக் கழுவத் தொடங்கவேண்டும். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்புறமாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமைகளை விரித்துப் பிடித்து, மூக்கின் பக்கமிருந்து காதின் பக்கமாக நீர் வழியுமாறு 15 முதல் 20 நிமிடம் ஊற்றுங்கள். அப்போதுதான் மற்றொரு கண்ணுக்கு அது பரவாது. சுண்ணாம்புத் துணுக்கு இமைக்குள் தங்கிக் கண்ணை மேலும் அரிக்கும். எனவே கழுவிய பின் வலி குறைந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் சுண்ணாம்புப் பொட்டலத்தை வைக்காதீர்கள்.

*மூக்கு:* சைனஸ் தொல்லைக்காக மூக்கை நீரால் அலசுவோர் குழாய்நீரை நேரடியாகப் பயன்படுத்தக்கூடாது. நீரில் வாழும் ஒருவகை அமீபா, மூக்கின் வழியே மூளையைச் சென்றடைந்து உயிருக்கு உலைவைக்கக்கூடும். கொதிக்கவைத்து ஆறிய நீரோ வாலைவடிநீரோ மட்டுமே ஏற்றது.

*துப்ப இயலாதவர்கள்:* பக்கவாதத்தால் விழுங்குதல் பாதிக்கப்பட்டவர், நினைவு மங்கியவர், சிறு குழந்தை ஆகியோருக்கு வாயில் நீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்வது ஆபத்து. நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவர்களுக்கு ‘ரின்ஸ்’ என்பதற்கு மாற்றாக ‘வைப்’ செய்யவேண்டும்: ஈரமாக்கிப் பிழிந்த தூய மெல்லிய துணியால் வாயின் உட்புறத்தைத் துடைத்துவிடுங்கள்.

6. ‘டூ நாட் ரின்ஸ்’

செய்யாதிருத்தலும் மருத்துவமே ஆகும் இடங்கள் சில உண்டு.

பல் பிடுங்கிய இடத்தில் உறையும் குருதிக்கட்டி, அடியிலுள்ள எலும்புக்குப் போர்வை போன்றது. வாயில் குருதிச்சுவை தெரிகிறதே என்று உடனே கொப்பளித்தால் அப்போர்வை பெயர்ந்து, சில நாள்களில் தாங்கொணா வலி தோன்றலாம். ஆகவே முதல் 24 மணிநேரம் கொப்பளிக்கவோ, விசையுடன் துப்பவோ வேண்டாம். மறுநாள் முதல், ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின் மென்மையாகக் கொப்பளித்து, நீரைத் தானாக வழியவிடுங்கள்.

கான்டாக்ட் லென்சை அதற்குரிய கரைசலால் மட்டுமே அலசவேண்டும், குழாய்நீர் கூடாது. குழாய்நீரில் இருக்கக்கூடிய அமீபா, கருவிழியில் கடும் நோயை உண்டாக்க வல்லது.

குழந்தையின் பால்புட்டியைச் சோப்பிட்டுக் கழுவி, அலசி, 10 நிமிடம் கொதிநீரில் இட்டெடுத்த பின்னர், மனநிறைவுக்காக மீண்டும் குழாய்நீரில் அலசுவோர் உண்டு. அந்த ஓர் அலசல், கொதிக்கவைத்ததன் பயனை வீணாக்கிவிடும். அலசுவது கொதிநீருக்கு முன்னர்; பின்னர் அன்று.

7. பயிற்சி

கீழ்வரும் தொடர்களுக்குத் தமிழில் பொருள் சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஒருவர் படிக்க, மற்றவர் விடை கூறலாம்.

அ. ரின்ஸ் மவுத் வித் வாட்டர் அண்ட் ஸ்பிட்.
ஆ. டூ நாட் ரின்ஸ் ஃபார் 24 அவர்ஸ்.
இ. யூஸ் மவுத் ரின்ஸ் ட்வைஸ் டெய்லி.
ஈ. ரின்ஸ் ஐ ஃபார் 15 மினிட்ஸ்.
உ. வாஷ் வித் சோப், தென் ரின்ஸ் தரோலி.

விடைகள்:

அ. நீரால் வாயைக் கொப்பளித்துத் துப்பவும்.
ஆ. 24 மணிநேரத்துக்குக் கொப்பளிக்க வேண்டாம். (24 மணிநேரம் தொடர்ந்து கொப்பளிக்கவும் என்று பொருள் கொண்டவர், ‘டூ நாட்’ என்பதைத் தவறவிட்டார்.)
இ. வாய்மருந்து நீரை நாளுக்கு இருமுறை பயன்படுத்தவும்.
ஈ. 15 நிமிடம் கண்ணில் நீர்விட்டுக் கழுவவும்.
உ. சோப்பிட்டுக் கழுவி, பின்னர் சோப்பு எஞ்சாதவாறு முழுமையாக அலசவும்.

ஐந்தும் சரியாக வந்தால் மகிழ்ச்சி. ஒன்றிரண்டு தவறியிருந்தாலும் வெட்கப்பட ஏதுமில்லை. ஆங்கிலம் அறியாமை நோயாளியின் குறையன்று. நோயாளிக்குப் புரியாத மொழியில் எழுதிக் கொடுப்பதே குறை.

அந்த முதியவரின் இன்ஹேலர் உறையில் இப்போது, ‘உறிஞ்சிய பின் உங்கள் வாயை நீரால் கொப்பளித்துத் துப்புங்கள்’ என்று தமிழில் எழுதப்பட்டுள்ளது. சென்ற முறை பரிசோதனைக்கு வந்தபோது அவர் வாயில் வெண்படலம் இல்லை. மாடிப்படியில் மூச்சிரைப்பின்றி ஏறியதாகவும் சொன்னார். மகன் அந்தத் தமிழ் வரியை எங்களிடம் உரக்கப் படித்துக் காட்டினார்.

உங்களிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மருந்து பெற்றுப் புறப்படும்போது, ‘நான் இதை வீட்டில் இப்படிச் செய்வேன்’ என்று உங்கள் சொற்களில் எங்களிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடம் ஒரு நள்ளிரவுப் பயணத்தைத் தவிர்க்கக்கூடும்.